‘போங்க’ என்ற சொல்லோடு அறுபத்து மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை, காலை 5.40. கோலாலம்பூர் விமான நிலையம்.

5.40 என்பது சுவரில் இருந்த கடிகாரம் சொன்ன மலேசிய நேரம். செல்போனில் 4.40, இணையம் கிடைக்காததால் அது இன்னும் வியட்நாமிலேயே இருந்தது. கைக்கடிகாரத்தில் 3.10. அதை நான் மாற்றவே இல்லை. அறுபத்து மூன்று நாளாக அது தருமபுரி நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பல் தேய்ப்பதா, இன்னும் கொஞ்சம் தூங்குவதா என்று புரியாமல் ஊருக்குப் போகும் விமானத்துக்காக இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தோரு வருடம் தருமபுரி மாவட்டத்தில் சங்கிலி பிடித்து நிலம் அளந்த சர்வேயர் நான். போன வருடம் ஓய்வு பெற்றேன். யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று ஒரு விரற்கடை பிசகாமல் சொல்வேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை இந்தப் பயணம் நன்றாகவே இறக்கி வைத்துவிட்டது. அதற்குக் காரணம் நேரக் குழப்பம் இல்லை, பாஷைக் குழப்பமும் இல்லை. ஒரே ஒரு சொல். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசிப்பவருக்கு என்னைப் போல் தலை சுற்றாது.

தை மாதம் ஒரு காலையில் என் மனைவி மாதம்மா தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தாள். வழியனுப்ப என்று நான்தான் சொல்கிறேன். வீட்டிலிருந்து அங்கே வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு வியட்நாம் போவதென்று முடிவு செய்து, ஒரே ஒரு டிக்கெட் எடுத்தவன் நான். அவளுக்கு மாடு இரண்டு இருக்கிறது, விமானம் என்றால் பயப்படுவாள், வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கும் சேர்த்து நானே யோசித்து நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். டிக்கெட்டைக் காட்டியபோது அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுதானா?” என்று கேட்டாள். அதோடு சரி.

பஸ் ஸ்டாண்டில், பெட்டியை டிக்கியில் ஏற்றுவதற்கு முன், இடுப்பில் செருகியிருந்த ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த இலவசச் சேலையில் கிழித்தது. ஆரஞ்சும் பச்சையுமாக இருந்தது. “எல்லாரு பெட்டியும் சாம்பக் கலர்லதான் இருக்குது. மாறிப்போயிரும்” என்று சொல்லி அதைக் கைப்பிடியில் கட்டினாள். முடிச்சு கொஞ்சம் தடிமனாகத்தான் இருந்தது. நடத்துனர் விசில் அடித்தார்.

“போய்ட்டு வரேன்” என்றேன்.

“போங்க” என்றாள்.

போய்ட்டு வாங்க இல்லை. போங்க. எங்கள் தெருவில் பால் ஊற்ற வருகிறவரையும் கேஸ் சிலிண்டர் போட வருகிறவரையும்கூட அவள் ‘போய்ட்டு வாங்க’ என்றுதான் அனுப்புவாள். எனக்கு மட்டும் பாதிச் சொல். பேருந்து பாலக்கோடு பிரிவைத் தாண்டுவதற்குள் அந்தச் சொல்லைப் பத்துத் தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். கோபமா? அல்லது திரும்பி வரவேண்டாம் என்கிறாளா?

வியட்நாமைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறு நாள் விசா இருந்தது. தலாத் மலையில் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கினேன். ஹோய் ஆனில் சைக்கிள் எடுத்துக்கொண்டு வயல் வரப்புகளில் சுற்றினேன். அங்கேயும் கண் தானாக எல்லைக் கல்லைத் தேடியது. ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் சூப் நாற்பத்தைந்தாயிரம் டாங். நம் காசில் நூற்றைம்பது ரூபாய்தான், ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது முதல் வாரம் நோட்டை இரண்டு தடவை எண்ணினேன். இரவு விடுதிக்குத் திரும்பும்போதெல்லாம் ஊருக்குப் போன் போடுவேன். “சாப்டீங்களா?” என்பாள். “சாப்ட்டேன்” என்பேன். “மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வச்சிடறேன்” என்பாள். இரவு எட்டு மணிக்கு எந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள்?

ஹோய் ஆன் விடுதியில் வரவேற்பில் இருந்த பெண், பெட்டியில் கட்டியிருந்த துணி அழுக்காகிவிட்டதாகக் கையால் சாடை காட்டி, அவிழ்க்கப் போனாள். நான் என்னையும் அறியாமல் அவள் கையைத் தடுத்துவிட்டேன். அவள் மிரண்டு போனாள். எதற்காகத் தடுத்தேன் என்று எனக்கே புரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெட்டியை அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

காலை 7.05. விமானம்.

எனக்கு நடு இருக்கை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். நான் தமிழ் மாத இதழை விரித்ததும் முகம் மலர்ந்தது.

“அண்ணா எந்த ஊருங்க?”

“தருமபுரி.”

“அட! நான் சித்தேரிங்க. அரூர் மேல, மலையில.”

பெயர் லட்சுமணன். மலேசியாவில், கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறார். மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போகிறார். அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சித்தேரி மலைப்பாதை நினைவுக்கு வந்தது. சாமைக் காடுகளை அளக்க அந்தப் பாதையில் பேருந்தில் போய் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறேன். அதைச் சொன்னேன். சிரித்தார்.

“அக்கா வரலீங்களா?”

“இல்ல. நான் மட்டுந்தான் ரெண்டு மாசம் வியட்நாம் சுத்திட்டு வரேன்.”

“தனியாவாங்க? ரெண்டு மாசமா?” அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலைக்கு அல்லாமல் வேறு எதற்காவது ஒருவன் தனியாக வெளிநாடு போவான் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் பிடிபடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, கேட்டேவிட்டேன்.

“நீங்க அன்னிக்கு மலேசியாவுக்குக் கெளம்பும்போது உங்க சம்சாரம் என்ன சொல்லிச்சி?”

“எதுவும் சொல்லலீங்கண்ணா. பஸ்சு வந்துருச்சி. ஏறிட்டேன்.”

“போய்ட்டு வான்னுகூடச் சொல்லலியா?”

“அழுவுதா, சொல்லுதான்னு தெரியலீங்க. எதுக்கு கேக்கறீங்க?”

“சும்மாதான்” என்று சொல்லி, வராத தூக்கத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் சொல்லாதது மேலா, பாதி சொன்னது மேலா என்று விமானம் இறங்கும்வரை யோசித்தேன். 

காலை 8.50. பெங்களூரு.

கடைசியில் கைக்கடிகாரமும் செல்போனும் சுவர்க் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. அதில் ஒரு சின்ன நிம்மதி. குடியேற்ற வரிசையில் லட்சுமணன் எனக்கு முன்னால் நகர்ந்து போய்விட்டார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவி, கையில் மிஞ்சியிருந்த டாங் நோட்டுகளை மாற்ற முடியுமா என்று விசாரித்து, முடியாது என்று தெரிந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, பெட்டிகள் சுற்றும் பட்டையில் ஆறேழு பெட்டிகள்தான் மிச்சம். சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. கைப்பிடியில் ஆரஞ்சும் பச்சையுமாகத் துணி. எடுத்தேன். கொஞ்சம் கனமாகத்தான் தெரிந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எல்லைக் கல்லை மூன்று தடவை சரிபார்க்கிற ஆள், பெட்டியை ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை.

விமான நிலையப் பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி வரை முந்நூற்றைம்பது ரூபாய். நடத்துனர், “எல்லிகே சார்?” என்று, எங்கே போக வேண்டும் என்பதைக் கன்னடத்தில் கேட்டார். எனக்கு வாயில் வந்தது “காம் அன்.” வியட்நாமில் நன்றி சொல்லும் வார்த்தை. அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை நன்றி சொன்னேன். பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தடவைதான் “எலக்ட்ரானிக் சிட்டி” என்று சொல்லி டிக்கெட்டை வாங்கினேன்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நின்றபடியே ஒசூர். ஒசூரிலிருந்து தருமபுரி கிட்டத்தட்ட தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். கிருஷ்ணகிரி தாண்டியதும் ரோட்டோரம் மாந்தோப்புகளில் பிஞ்சு விட்டிருந்தது. நான் புறப்பட்டபோது பூதான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எத்தனை நாள் ஊரில் இல்லை என்று உறைத்தது. காரிமங்கலம் வந்தபோது பயமாகவே இருந்தது. இந்த வயதில் சொந்த வீட்டுக்குப் போக ஒருவன் பயப்படுவானா? நான் பயந்தேன். அவள் கதவைத் திறந்து, “எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 

பிற்பகல் 3.00. வீடு.

வீடு பூட்டியிருந்தது.

நான் வரும் நாளும் நேரமும் அவளுக்குத் தெரியும். போனில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். என்னிடம் சாவி இல்லை. வாசற்படியில் பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டுத்தறியில் மாடும் இல்லை. மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டாளோ, மாட்டை விற்றுவிட்டுப் போய்விட்டாளோ என்று எண்ணம் எங்கெங்கோ ஓடியது. 

பத்து நிமிடம் இருக்கும். தெருமுனையில் மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு, தலையில் புல்லுக்கட்டோடு மாதம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள்.

“வந்துட்டீங்களா? அஞ்சு மணி ஆவும்னு நெனச்சேன்.”

புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். என் பக்கம் வரவில்லை. நேராகப் பெட்டியிடம் போய்க் குனிந்து, கைப்பிடித் துணியின் முடிச்சை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை நசுக்கினாள். அவள் முகம் வெளுத்தது.

“இது நம்ம பெட்டி இல்ல.”

“நம்ம பெட்டிதான். துணிய பாரு.”

“துணி நம்ம துணி மாதிரிதான் இருக்குது. முடிச்சி நான் போட்ட முடிச்சி இல்ல. எங்க விட்டீங்க அத?”

 ஒரு பெட்டிக்காகவா இவள் இப்படிப் பதறுகிறாள்? உள்ளே இருப்பது நாலு அழுக்குச் சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் காப்பித்தூளும். “போனா போவுது, விடு” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பெட்டிப் பக்கம் குனிந்தேன். பூட்டு எண்ணைத் திருப்பிப் பார்த்தேன். திறக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டுமா ரேஷன் அட்டை இருக்கிறது? மாவட்டம் முழுக்க வீட்டுக்கு வீடு அதே சேலைதான். அந்தத் துணியை அடையாளமாகக் கட்டுவது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டை போட்டிருக்க, வெள்ளைச் சட்டை போட்ட பையன்தான் என் பையன் என்று சொல்வதைப் போன்றது. இது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மணி 3.40க்கு அவள் செல்போன் அடித்தது. புதிய எண். ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அக்கா, வணக்கங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. பெட்டியில தொங்கற அட்டையில இந்த நம்பரு போட்டிருக்குது. உங்க பெட்டி எங்கிட்ட மாறி வந்துருச்சிங்க.”

பெட்டியின் அட்டையில் எந்த எண்ணை எழுதினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெளிநாட்டில் என் சிம் மாறும் என்பதால், வீட்டு எண் என்று அவள் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். அந்தக் குரலும் எனக்குத் தெரிந்த குரல்தான். “லட்சுமணனா?” என்றேன்.

“அண்ணா! நீங்களா! நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து வந்தோமேங்க! ஊத்தங்கரை வழியா நேரா அரூருக்கு வந்துட்டேங்க. இங்க எறக்கறப்பதான் கைப்பிடிய புடிச்சேன், முடிச்சில காசு தட்டுப்பட்டுச்சி. நம்முளது வெறுந்துணிதானே, எங்கூட்டுல ஊறுகா டப்பாவுக்குச் சுத்தி அனுப்புன பொங்கச் சேலையக் கிழிச்சி நான் கட்டுனது. இதுல எப்பிடிக் காசு வந்துச்சின்னு பாத்தேன். அப்பறந்தான் அட்டைய படிச்சேன்.” குரலைத் தாழ்த்தினார். “அக்கா, இது வேண்டுதல் காசுங்களா?”

மாதம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“ஆமாப்பா. தீர்த்தமலை சாமிக்கு முடிஞ்சது.”

“அவுக்கலீங்க. அப்பிடியேதான் இருக்குது. நாலு மணி வண்டிக்கு சித்தேரி போவ வேண்டியவன். இன்னொருத்தங்க வேண்டுதல வச்சிக்கிட்டு மலை ஏறக் கூடாதுன்னு நின்னுட்டேன். ஆறு மணிக்கு கடைசி வண்டி. வந்துருவீங்களா?”

“வந்துர்றோம்பா. அங்கேயே இரு” என்றாள்.

போனை வைத்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “வண்டிய எடுங்க, ஆறு மணிக்கு அந்தப் புள்ளக்கி பஸ்சு” என்று மட்டும் சொன்னாள்.

மாலை 4.05. தருமபுரியிலிருந்து அரூர், நாற்பது கிலோமீட்டர்.

எங்கள் ஸ்கூட்டரில் லட்சுமணனின் பெட்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, அவள் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மொரப்பூர் ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் மெதுவாகப் போனது. மணியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அறுபத்து மூன்று நாளில் எத்தனை விமானம், ரயில், படகு! எதற்கும் நான் இப்படிப் பதறியதில்லை. நான் மூன்று முறை திரும்பிப் பேச நினைத்தேன். நடுவில் பெட்டி இருந்தது.

யோசிக்க யோசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த முடிச்சை நான் எத்தனை தடவை பிடித்துத் தூக்கியிருக்கிறேன்! சைகோனில் மாடிப்படியில் இழுத்தேன். படகில் அதன்மேல் தலை வைத்துத் தூங்கினேன். ஒரு தடவைகூட நசுக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே.

மாலை 5.25. அரூர் பஸ் ஸ்டாண்ட்.

லட்சுமணன் சித்தேரிப் பேருந்து நிற்கும் இடத்தில் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிஸ்கட் டப்பா இன்னும் அக்குளில்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“பாருங்கக்கா. உங்க முடிச்சிதானே?”

மாதம்மா குனிந்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். வட்டமாகக் காசு. கண்ணை மூடித் திறந்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். சின்ன ஒரு ரூபாய்தான். அவ்வளவு கெட்டியாக முடிந்திருந்தாள்.

அவர் பெட்டியை நான் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பேருந்து புறப்படும் நேரம். லட்சுமணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“வரேங்கக்கா. வரேங்கண்ணா.”

“போய்ட்டு வாப்பா. வூட்டுல கேட்டதா சொல்லு” என்றாள் மாதம்மா.

பேருந்து திரும்பி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கு ‘போய்ட்டு வா’ சுலபமாக வந்துவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை.

“எனக்கு மட்டும் ஏன் ‘போங்க’ன்னு சொன்ன?”

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அறுபத்து மூன்று நாளாக அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“கோவம். ஒத்த டிக்கெட்டு எடுத்துட்டு வந்து காட்டுனீங்க. வரியான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? மாட்ட ரெண்டு மாசம் பாத்துக்க ஆளு இல்லியா இந்த ஊருல?”

  அளவு அவள் பக்கம் சரியாக இருந்தது.

“அதான் வாயில ‘போங்க’ன்னு வந்துருச்சி” என்றாள். பிறகு முடிச்சைத் தடவிக்கொண்டே, “‘வாங்க’ங்கறத இதுல முடிஞ்சிதான் அனுப்புனேன்” என்றாள்.

மேகோங் ஆற்றிலும் தலாத் மலையிலும் நான் தேடிக்கொண்டு திரிந்த மீதிச் சொல், அத்தனை நாளும் என் கைப்பிடியிலேயே இருந்திருக்கிறது. அரூர் பஸ் ஸ்டாண்டில், பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு மத்தியில், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அவுத்துடவா?” என்று கேட்டேன்.

“கைய எடுங்க. நாளைக்குத் தீர்த்தமலை மேல போயித்தான் அவுக்கணும்.”

பெட்டியை இந்த முறை நடுவில் வைக்கவில்லை. முன்னால், என் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தில் 6.10. செல்போனிலும் 6.10. வண்டியை எடுத்ததும் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளில் கையை வைத்தாள்.

“போலாங்க” என்றாள்.